பித்தளைக் கோதும் அதன் பேணுகையும்



பித்தளை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன குத்துவிளக்கும், தாம்பாளமும், மூக்குப்பேணியும், பூசை மணியுமே. வெள்ளிக்கிழமைக்கு முன்னர் அவற்றைப் புளியிட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்து வைப்பது நம் தாய்மாருக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். அதே பித்தளைக்கு மற்றொரு வடிவமும் உண்டு. விரலளவு நீளமும் ஒருபுறம் மூடிய அடியும் உடைய ஒரு சிறு குழாய் அது. துப்பாக்கித் தோட்டாவின் உடலாய் அமைவது அதுவே. சன்னம் பறந்து போனபின் வெறுமையாய் எஞ்சி நிற்பதும் அதுவே. கச்சானில் பருப்பை எடுத்தபின் எஞ்சுவதைக் கோது என்கின்றோம் அல்லவா? இதனையும் அவ்வாறே கோது என்று இப்பேச்சில் வழங்குவேன்.

இக்கோதினை மீண்டும் பயன்படுத்துவோர் சில நாடுகளில் இருக்கின்றனர். அவர்கள் அதனை எவ்வாறு துப்புரவு செய்கின்றனர், எவ்வாறு மசகிடுகின்றனர், அவ்விரு சிறு பணிகளிலும் பிழை நேரின் விளைவு யாது என்பனவே இன்று நாம் ஆராயப் புகும் பொருள். இது வேட்டைக்காரருக்கும் போர்வீரருக்கும் மட்டும் உரிய செய்தியன்றோ என நீங்கள் எண்ணக்கூடும். அவ்வாறன்று. ஓர் உலோகம் வெளியே பளபளத்துக்கொண்டே உள்ளே பழுதுபடுதல் எங்ஙனம் என்பதை இச்சிறு கோதைப்போல் தெளிவாகக் காட்டும் பொருள் வேறொன்றைக் காண்பது அரிது. நம் மண்ணுக்கும் இதனோடு ஒரு தொடர்பு உண்டு. அதனை இறுதியிற் கூறுவேன்.

முதலில் தோட்டா என்பது யாது எனக் காண்போம். அதற்கு உறுப்புகள் நான்கு. முன்னே இருப்பது சன்னம். நடுவே இருப்பது வெடிமருந்து. அடியில் ஒரு சிறு குழியிற் பதிந்திருப்பது கேப்பு. அடித்தவுடன் பொறி எழுப்பி மருந்தைப் பற்றவைப்பது அது. இம்மூன்றையும் ஒன்றாகத் தாங்கி நிற்பது கோது. தாங்குதல் மட்டுமே கோதின் தொழில் என எண்ணவேண்டா. மருந்து எரிகின்ற கணத்தில், வளிமண்டல அழுத்தத்தைப்போல் 3,000 மடங்குக்கும் மேலான அழுத்தம் இக்காலத்துத் துப்பாக்கியினுள்ளே எழுகின்றது. அப்பொழுது கோது சற்றே விரிந்து, துப்பாக்கியின் தோட்டா அறைச் சுவரோடு இறுக ஒட்டிக்கொள்கின்றது. அதனாற் சூடான வாயு பின்னோக்கிச் சுடுவோன் முகத்தில் பாயாமல் தடுக்கப்படுகின்றது. அடுத்த கணத்தில் அழுத்தம் தணிந்ததும், கோது சற்றே சுருங்கிச் சுவரை விட்டு விலகி, எளிதில் வெளியேறுகின்றது. விரிதலும் வேண்டும், மீண்டு சுருங்குதலும் வேண்டும். கிழிதல் மட்டும் கூடாது. இத்தனை குணமும் ஒருங்கே வாய்த்த உலோகமாக விளங்குவது பித்தளை.

அதிலும் எல்லாப் பித்தளையும் இதற்கு உதவாது. நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் சேர்ந்த கலப்புலோகமே கோதுக்கு உரியது. உலோக நூலார் அதனைத் தோட்டாப் பித்தளை என்றே அழைப்பர். அது மென்மையாகவும் வளைந்து கொடுப்பதாகவும் உள்ளது. வேண்டிய இடத்தில் வலிமை ஏற்றிக்கொள்ளவும் வல்லது.

இந்த உண்மையை மனிதர் ஒரே நாளில் கண்டுகொள்ளவில்லை. 1866ஆம் ஆண்டில் பிரித்தானியப் படையினருக்கு, வூலிச்சு நகரத்து அரச ஆய்வுகூடத்தின் தலைவராயிருந்த கேணல் பொக்சர் என்பவர் அமைத்த தோட்டா வழங்கப்பட்டது. அது மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்யப்பட்டது. 1885ஆம் ஆண்டுச் சூடான் போரிலே அத்தகைய சுருட்டுக் கோதுகள் துப்பாக்கியின் அறையினுள்ளே சிக்கிக்கொண்டன என்றும், இழுத்தபோது கிழிந்தன என்றும் பெருங்குறை எழுந்தது. பகைவன் எதிரே ஓடிவரும் நேரத்தில் வெற்றுக் கோது வெளிவராது நின்றால் அவ்வீரனின் நிலை யாதாகும்? அதன்பின்னர், ஒரே துண்டுப் பித்தளையிலிருந்து இழுத்துச் செய்த உறுதியான கோதே நிலைபெறலாயிற்று.

இழுத்துச் செய்தல் என்றேன். அதனைச் சற்று விளக்குதல் வேண்டும். தொழிற்சாலையில் முதலிற் பித்தளைத் தகட்டிலிருந்து ஒரு வட்டத்துண்டு வெட்டப்படும். அது அழுத்தப்பட்டுச் சிறு கிண்ணமாகும். அக்கிண்ணத்தை உருக்கு அச்சினூடே மீண்டும் மீண்டும் தள்ளி இழுக்க, அது மெலிந்து நீண்டு குழாயாகும். ஒவ்வோர் இழுப்பின்போதும் பித்தளை கடினமாகிக்கொண்டே போகும். ஒரு கம்பியை இங்கும் அங்குமாகப் பலமுறை வளைத்தால் அது முதலில் விறைத்துப் பின்னர் ஒடிந்துபோவதை நாம் அறிவோம். இழுபடும் பித்தளைக்கும் அதே கதிதான். ஆதலால் இழுப்புகளுக்கு இடையே அதனை உலையிற் காய்ச்சி மீண்டும் மென்மையாக்குவர். காய்ச்சுதலால் ஏற்பட்ட கறையை அமிலத்திற் கழுவி நீக்குவர். அடுத்த இழுப்புக்கு முன் சவர்க்காரக் கரைசல் போன்ற ஒன்றை மசகாக இடுவர். துப்புரவும் மசகும் கோது பிறக்கும்போதே அதனுடன் பிறந்த பணிகள் என்பது இதனால் விளங்கும்.

இறுதியில், கோதின் கழுத்தை மட்டும் மீண்டும் ஒருமுறை சுடரிற் காட்டி மென்மையாக்குவர். படைத் தோட்டாக்களின் கழுத்தருகே நீலமும் கபிலமும் கலந்த ஒரு நிழல் படிந்திருப்பது இச்சுடரின் அடையாளமே. அறியாதார் அதனை அழுக்கு என்பர். அறிந்தார் அதனை நலத்தின் குறி என்பர்.

இனி, மீள்நிரப்புதலுக்கு வருவோம். ஒருமுறை சுட்டபின் கேப்பும் மருந்தும் சன்னமும் தீர்ந்து போகின்றன. விலையில் மிகுந்த பகுதியாகிய கோது மட்டும் எஞ்சி நிற்கின்றது. 1870களில் அமெரிக்கப் புல்வெளிகளில் எருமை வேட்டையாடியோர், நகரும் கடையும் தொலைவில் இருந்தமையால், தங்கள் கோதுகளைத் தாங்களே நிரப்பிக்கொண்டனர். இன்றும் அந்நாட்டிலும் வேறு சில நாடுகளிலும் இலக்குச் சுடும் விளையாட்டினர், சட்டத்தின் இசைவோடு, செலவைக் குறைப்பதற்காகவும் குறி தவறாமைக்காகவும் இதனைச் செய்கின்றனர். நம் நாட்டிலோ துப்பாக்கியும் தோட்டாவும் அனுமதிப் பத்திரத்துக்கும் சட்டத்துக்கும் உட்பட்டவை. இது நாம் வீட்டிற் செய்யும் கைத்தொழிலன்று. அறிவுக்காக மட்டுமே இதனைக் கேட்கின்றோம் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க.

இங்கு ஒரு வேடிக்கையும் உண்டு. கேப்பு அமையும் முறை இருவகை. ஒன்று மேலே குறித்த ஆங்கிலேயர் பொக்சரின் பெயரால் வழங்குவது. மற்றொன்று பேர்டன் என்னும் அமெரிக்கரின் பெயரால் வழங்குவது. பொக்சர் முறையிற் கோதின் அடிநடுவே ஒரு துளை மட்டும் இருக்கும். மேலிருந்து ஓர் ஊசியை விட்டுப் பழைய கேப்பை எளிதில் தள்ளிவிடலாம். பேர்டன் முறையில் நடுவே திண்ணிய மேடும் அதன் பக்கங்களில் நுண்துளைகளும் இருத்தலால் அவ்வாறு தள்ளுதல் அரிது. ஆங்கிலேயர் கண்ட முறை அமெரிக்காவிலே வேரூன்றியது. அமெரிக்கர் கண்ட முறை ஐரோப்பாவிலே பரவியது. அமெரிக்காவில் மீள்நிரப்புதல் பெரும் பழக்கமாக வளர்ந்தமைக்கு இவ்வொற்றைத் துளையும் ஒரு காரணம் எனலாம்.

சுட்ட கோதை ஏன் துப்புரவு செய்தல் வேண்டும்? காரணம் மூன்று. ஒட்டியிருக்கும் மணலும் கரியும் உருக்கு அச்சைக் கீறிவிடும். கீறிய அச்சு அதன்பின் வரும் ஒவ்வொரு கோதையும் கீறும். அழுக்குப் படிந்த கோது தோட்டா அறையிற் சரிவரப் பொருந்தாது. இவ்விரண்டினும் முதன்மையானது மூன்றாவது காரணம்: அழுக்கின் கீழே வெடிப்பு மறைந்திருக்கும், கழுவினாலன்றி அது கண்ணுக்குத் தோன்றாது. ஆகவே துப்புரவின் முதல் நோக்கம் அழகன்று, ஆராய்ச்சியே.

பழைய கரிய மருந்தைப் பயன்படுத்தியவர்கள் சுட்ட அன்றே கோதுகளைச் சூடான சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்தினர். அம்மருந்தின் எச்சம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பித்தளையை அரிக்கும் இயல்பினது. இக்காலத்துப் புகையிலா மருந்தில் அத்தொல்லை குறைவு. இன்று பெரும்பாலார், சோளப்பொத்தியின் தண்டையோ வால்நட் என்னும் கொட்டையின் ஓட்டையோ பொடித்து, அதனுடன் கோதுகளையும் ஓர் அதிரும் பாத்திரத்திலிட்டுச் சில மணிநேரம் உருளவிடுகின்றனர். வேறு சிலர் நீரும் சிறிதளவு எலுமிச்சை அமிலமும் நுண்ணிய கறைபடா உருக்கூசிகளும் இட்டுச் சுழற்றுகின்றனர். நம் தாய்மார் புளியிட்டுத் தேய்ப்பதும் இதன் உறவே. புளியிலுள்ள அமிலம் பித்தளையின் மேற்படிந்த கறையைக் கரைக்கின்றது. ஆயினும் கடுமையான அமிலத்தில் நெடுநேரம் ஊறவிட்டால் நாகம் கரைந்து வெளியேறிப் பித்தளை செந்நிறம் அடையும். அது வலிவு குன்றியமைக்கு அடையாளம். மற்றொன்றும் நினைவிருக்கட்டும்: பெரும்பாலான கேப்புகளில் ஈயச் சேர்மம் உண்டு. அதிரும் பாத்திரத்திலிருந்து எழும் தூசியில் ஈயம் கலந்திருக்கும். ஆதலின் அறிவுடையோர் அப்பணியை வீட்டின் உள்ளே செய்யார். குழந்தைகளை அருகில் அண்டவிடார். முடிந்ததும் கைகழுவாமல் உணவைத் தொடார்.

துப்புரவிற் பெருந்தீங்கு விளைப்பது வேறொன்று. அதுதான் அமோனியா. கடைகளில் விற்கும் திரவ மெருகுகள் சிலவற்றில் அமோனியா கலந்திருக்கின்றது. அதனைத் தொட்டுத் தேய்த்தால் பித்தளை கண்ணாடிபோல் ஒளிரும். ஆனால் கோதுக்கு அது நஞ்சு. எவ்வாறு என்பதை இந்தியாவில் நிகழ்ந்த ஒரு வரலாறு நமக்கு உணர்த்தும்.

பிரித்தானியர் இந்தியாவை ஆண்ட நாளில், பருவமழை பெய்யும் திங்கள்களிற் படைநடவடிக்கைகள் சுருங்கும். அக்காலத்திற் படையினர் தோட்டாக்களைக் குதிரை இலாயங்களில் வைத்துப் பாதுகாத்தனர். மழை நின்று வெயில் வந்தபின் எடுத்துப் பார்த்தால், ஒருவரும் சுடாத புதிய தோட்டாக்கள் பல வெடித்திருந்தன. அவ்வெடிப்புகளும் பெரும்பாலும் கோது சன்னத்தை இறுகப் பற்றியிருக்கும் கழுத்துப் பகுதியிலேயே காணப்பட்டன. அடித்தவர் இல்லை, வளைத்தவர் இல்லை, நெருப்பில் இட்டவரும் இல்லை. பெட்டிக்குள் இருந்தபடியே பித்தளை பிளந்திருந்தது. இதனைப் பருவ வெடிப்பு என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். பெயர் வைத்தாயிற்று, காரணம் மட்டும் நெடுங்காலம் விளங்கவில்லை.

1921ஆம் ஆண்டிலே மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்னும் மூவர் இப்புதிரை விடுவித்தனர். இலாயத்திற் குதிரைகளின் சிறுநீரிலிருந்து அமோனியா எழுகின்றது. மழைக்காலத்து ஈரக்காற்றோடு அது சேர்ந்து பித்தளையை அடைகின்றது. ஆயினும் அமோனியா மட்டும் இருந்தாற் போதாது. கோதை இழுத்தும் நெரித்தும் உருவாக்கியபோது ஏற்பட்ட தகைப்பு அதன் உடலுக்குள்ளே தங்கியிருக்கின்றது. நாண் ஏற்றிய வில்லை எண்ணிப் பாருங்கள். அது அசையாமல் இருப்பினும் அதன் உடல் முழுவதும் இழுவிசை நிறைந்திருக்கின்றது. கோதும் அத்தகையதே. ஈரமும் ஒட்சிசனும் அமோனியாவும் கூடிச் செம்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றன. கரைந்த இடத்தில் மயிரிழை போன்ற ஒரு பிளவு தோன்றுகின்றது. உள்ளிருக்கும் தகைப்பு அப்பிளவை அகலத் திறக்கின்றது. திறந்த வாயினுள் அமோனியா மேலும் புகுகின்றது. இவ்வாறு ஒன்றற்கொன்று துணைநின்று, பித்தளையின் நுண்மணிகளுக்கு இடையே வழிதேடிச் சென்று, இறுதியிற் கோதைப் பிளந்துவிடுகின்றன.

நோய் தெரிந்தபின் மருந்தும் தெரிந்தது. உள்ளிருக்கும் தகைப்பு, அமோனியா, ஈரம் என்பவற்றுள் ஒன்றை நீக்கினாலும் வெடிப்பு நிகழாது. தோட்டாவை இலாயத்தில் வையாது உலர்ந்த இடத்தில் வைத்தல் ஒரு வழி. உருவாக்கிய பின்னர்க் கோதை ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியசு வரை மெல்லச் சூடாக்கித் தகைப்பைத் தணித்தல் மற்றொரு வழி. அவ்வெப்பத்திற் பித்தளையின் உறுதி பெரிதும் குன்றாது. உள்ளே உறைந்த இறுக்கம் மட்டும் தளரும். கழுத்திற் படிந்த நிழலைப் பழிக்கவேண்டா என்று முன்னர்க் கூறியதன் பொருள் இப்பொழுது நன்கு விளங்கும். ஆனால் மீள்நிரப்புவோர் வீட்டிலே கழுத்தைச் சுடரிற் காட்டும்போது, அடிப்பகுதியிற் சூடு ஏறாமற் காத்தல் இன்றியமையாதது. அடி மென்மையானாற் பேரழுத்தத்தைத் தாங்கமாட்டாது. வாயு பின்னோக்கிப் பீறிடும்.

இரசமும் இத்தகையதொரு பகையே. 19ஆம் நூற்றாண்டிற் கேப்புகளில் இரசச் சேர்மம் ஒன்றைப் பயன்படுத்தினர். கரிய மருந்தின் காலத்தில் அதன் ஏராளமான எச்சத்தோடு இரசமும் கலந்து போயிற்று. தீங்கு பெரிதாகத் தெரியவில்லை. புகையிலா மருந்து வந்தபின் அவ்வெச்சம் அற்றுப்போகவே, இரசம் நேரே பித்தளையைப் பற்றி அதனை நொறுங்கும் தன்மையதாக ஆக்கிற்று. அவ்வாறான கோது பார்வைக்குப் புதியதுபோல் இருக்கும். மீண்டும் நிரப்பிச் சுட்டாற் பிளந்துபோகும். அதனாலேயே பழைய தோட்டாக்களின் கோதுகளை மீள்நிரப்புவோர் ஐயத்தோடு நோக்குகின்றனர்.

இனி மசகிடுதலைக் காண்போம். சுடும்போது கோது விரிகின்றது என்றேன். அது மீண்டு சுருங்கினாலும் பழைய அளவுக்கு முற்றாகத் திரும்புவதில்லை. ஆகவே அதனை உருக்கு அச்சினுள்ளே பெருவிசையோடு செலுத்திப் பழைய அளவுக்குக் கொணர்தல் வேண்டும். உலர்ந்த பித்தளை உலர்ந்த உருக்கில் உராய்ந்தால் இறுகப் பற்றிக்கொள்ளும். அச்சினுள்ளே சிக்கிய கோதை இழுத்தால் அதன் அடி விளிம்பு கிழிந்து வந்துவிடும். உடல் அச்சினுள்ளேயே தங்கிவிடும். பின்னர் அடியைத் துளைத்து, மரையாணி இட்டு, அரும்பாடுபட்டு அதனை எடுக்கவேண்டும். ஆதலாற் கழுத்துக் குறுகிய கோதுகளுக்கு மசகு இன்றியமையாதது. ஆட்டு மயிரிலிருந்து பெறும் கொழுப்பு இதற்குச் சிறந்ததாகக் கருதப்படுகின்றது. நேரிய உருவுடைய கைத்துப்பாக்கிக் கோதுகளுக்கோ, தங்குதன் காபைட்டு என்னும் மிகக் கடினமான பொருளாலான வளையம் பதித்த அச்சுகள் இருத்தலால், மசகு வேண்டுவதில்லை.

மசகு எவ்வளவு இடவேண்டும்? விரலிற் பட்டும் படாமலும் தடவிய மெல்லிய பூச்சே போதும். மிகுதியாக இட்டால் என்ன என்று கேட்கலாம். நீர்மப் பொருளை அமுக்கிச் சுருக்க இயலாது என்பது பௌதிகப் பாடம். அச்சின் மூலையில் மசகு தேங்கி நின்றால், அங்கே கோது உள்ளே செல்ல இடமில்லை. மசகு இடங்கொடாமையாற் பித்தளை இடங்கொடுக்கின்றது. தோள் பகுதியிற் பள்ளம் விழுகின்றது. மென்மையான எண்ணெய் திண்ணிய பித்தளையை நசுக்கிவிடுகின்றது!

வேலை முடிந்ததும் அம்மசகை முற்றாகத் துடைத்தெடுத்தல் வேண்டும். உள்ளே எஞ்சிய மசகு மருந்தையும் கேப்பையும் நனைத்துக் கெடுக்கும். வெளியே எஞ்சிய மசகின் தீங்கு இன்னும் நுட்பமானது. சுடும் கணத்திற் கோது அறைச்சுவரைப் பற்றிக்கொள்வதாற் பின்னோக்கிய உதைப்பின் ஒரு பங்கைச் சுவர் தாங்குகின்றது என்பதை நினைவுகூருங்கள். மசகு பூசிய கோது சுவரைப் பற்றாது வழுக்கும். அப்பொழுது உதைப்பு மிகப்பெரும்பாலும் துப்பாக்கியின் பின்தாழ் மீதே விழும். சுடுவோனின் கண்ணுக்கும் வெடிக்கும் அழுத்தத்துக்கும் இடையே நிற்பது அத்தாழ் ஒன்றே அன்றோ?

இதற்கும் ஒரு சான்று உண்டு. பருவ வெடிப்பின் மருமம் துலங்கிய அதே 1921ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள காம்ப் பெரி என்னுமிடத்துத் தேசியப் போட்டிகளுக்கு ஒரு புதுவகைத் தோட்டா வழங்கப்பட்டது. குழலினுள்ளே உலோகக் கறை படியாதிருக்கும்பொருட்டு அதன் சன்னத்துக்கு வெள்ளீயப் பூச்சு இட்டிருந்தனர். போட்டியாளர் பலர் முன்னைய வழக்கப்படி சன்னத்தை மசகிலே தோய்த்துச் சுட்டனர். வெள்ளீயமோ கோதின் கழுத்தை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது. கழுத்து விரிந்து சன்னத்தை விடுவதற்கு இருந்த சிறு இடைவெளியையும் மசகு அடைத்துக்கொண்டது. அழுத்தம் அளவு கடந்தது, துப்பாக்கிகள் சிதைந்தன. படையதிகாரிகள் மசகிடுதலைத் தடைசெய்ய நேர்ந்தது. முன்னே நன்மை செய்த பழக்கம், நிலைமை மாறியபின் தீமையாய் முடிந்தது.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலியர் பயன்படுத்திய பிரேடா இயந்திரத் துப்பாக்கி மற்றொரு சான்று. அதிற் கோதுகள் எளிதில் வெளிவருவதற்காக ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் தடவும் ஒரு சிறு பொறி அமைந்திருந்தது. வட ஆபிரிக்கப் பாலைநிலத்திலே அவ்வெண்ணெய் மணலையும் தூசியையும் ஈர்த்துப் பசையாக்கிற்று. சிக்கலைத் தீர்க்க வந்த எண்ணெயே சிக்கலுக்குக் காரணமாயிற்று. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் நம் பழமொழி இடத்துக்கு ஒவ்வாத பொருளுக்கும் பொருந்தும் போலும்.

துப்புரவும் மசகும் முறைப்படி நடந்தாலும் கோதுக்கு ஆயுள் உண்டு. ஒவ்வொரு முறை சுடும்போதும் அதன் உடல் சிறிது நீள்கின்றது. நீளும் உலோகம் அடிக்குச் சற்று மேலே ஓரிடத்தில் மெலிகின்றது. வெளியே அவ்விடத்தில் ஓர் ஒளிர்ந்த வளையம் தோன்றலாம். அப்பொழுது தேர்ந்தவர்கள், நுனி வளைத்த ஒரு கம்பியைக் கோதினுள்ளே விட்டுச் சுவரை மெல்லத் தடவிப் பார்ப்பர். நுனி ஒரு பள்ளத்தில் இடறினால், அக்கோதை அப்பொழுதே நசுக்கி எறிந்துவிடுவர். அது பொன்போல் மின்னினும் அவர்கள் இரங்கார். அடுத்த முறை அது இரண்டாகப் பிரியும் என்பதை அவர்கள் அறிவர்.

நேயர்களே, இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க உண்மை ஒன்று உண்டு. பளபளப்பு என்பது மேற்பரப்பின் குணம்; உறுதி என்பது உட்கூட்டின் குணம். முன்னதைக் கொண்டு பின்னதை அளத்தல் ஆகாது. அமோனியா தடவிய கோது மிக ஒளிரும். இரசம் தின்ற கோதும் புதியதெனத் தோன்றும். நம் வீட்டுப் பித்தளைப் பொருட்களுக்கும் இது ஓரளவு பொருந்தும். வார்த்துச் செய்த குத்துவிளக்கில் உட்தகைப்பு குறைவு. அடித்தும் தட்டியும் செய்த செம்பிலும் தாம்பாளத்திலும் அது மிகுதி. அத்தகைய பாத்திரத்தை மாட்டுக்கொட்டிலின் அருகிலோ, கோழியெரு குவித்த இடத்திலோ மழைக்காலம் முழுவதும் போட்டு வையாதிருத்தல் நன்று. திரவ மெருகு இட நேர்ந்தாலும் நன்கு கழுவி உலர்த்துதல் வேண்டும். புளியிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து வைக்கும் நம் பழைய வழக்கம் போற்றத்தக்கதே.

இறுதியாக, முன்னர்ச் சொன்ன நம் மண்ணின் செய்திக்கு வருகின்றேன். இந்நாட்டில் 2009ஆம் ஆண்டிற் போர் முடிவுற்றது. ஆயினும் அது விட்டுச் சென்ற உலோகம் வடக்கிலும் கிழக்கிலும் மண்ணை விட்டு இன்னும் முற்றாக நீங்கவில்லை. உழும்போதும், கிணறு வெட்டும்போதும், மழை மண்ணை அரிக்கும்போதும் பித்தளைத் துண்டுகள் வெளிப்படுகின்றன. பித்தளைக்குப் பழைய இரும்புக் கடையில் விலை உண்டு. ஆதலின் வறியவர் அதனைத் தேடுகின்றனர். சிறுவர் விளையாட்டுக்காகப் பொறுக்குகின்றனர். பாடசாலையிற் பணிபுரிவோருக்கு இதனினும் பெரிய கவலை வேறில்லை. மேலே சொன்னவற்றை அறிந்தவர் நிலத்தில் கண்ட தோட்டாவை ஒருபோதும் கையாளத் துணியார். பல ஆண்டுகள் ஈரமண்ணிற் கிடந்த கோது பிளந்திருக்கலாம். அதன் கேப்பு இன்னும் உயிரோடிருக்கலாம். வெற்றுக் கோது எது, நிறைந்த தோட்டா எது, அதனினும் கொடிய வெடிபொருள் எது என்பதை மண்படிந்த நிலையிற் பிரித்தறிதல் சிறுவருக்கு மட்டுமன்றி முதியோருக்கும் அரிது.

ஆகவே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் என் வேண்டுகோள் இதுவே. பிள்ளைகளிடம், "தொடாதே" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். ஏன் தொடலாகாது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். காரணம் அறிந்த பிள்ளை பெரியவர் இல்லாத இடத்திலும் கட்டளையைக் காக்கும். அத்தகைய பொருள் கண்ணிற் பட்டால் தட்டாமல், தேய்க்காமல், எடுக்காமல், நின்ற இடத்திலிருந்து வந்த வழியே திரும்பிப் பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவிக்கப் பழக்குங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கி வீட்டின் அலுமாரியில் வைப்பதற்கு உரியது குத்துவிளக்கு, தோட்டா அன்று.